கல்வியும் கரணமும்

கல்வி பள்ளியில் தொடங்கிப் பள்ளியிலேயே முடிந்துவிடும் ஒன்றன்று. மாந்தன் ஏட்டில் கற்பது ஒரு பங்கு; வீட்டிலும் தெருவிலும், மணப்பந்தலிலும் இழவு வீட்டிலும் கண்டும் கேட்டும் கற்பது மற்றொரு பங்கு. முன்னதற்கு ஆசிரியர் உண்டு, தேர்வு உண்டு, பட்டமும் உண்டு. பின்னதற்கு இவற்றுள் எதுவும் இல்லை. இல்லாமையாலேயே அது கல்வியென்று எண்ணப்படாமற் போயிற்று. அவ்வாறு எண்ணப்படாத கல்வியைத்தான் இற்றைத் தமிழன் விரைந்து இழந்து வருகின்றான். இழப்பது இன்னதென்று உணராமலே இழக்கின்றான் என்பதுதான் கொடுமை.

திருக்குறளின் அதிகார வைப்பை ஒருமுறை எண்ணிப் பார்க்க. 40ஆம் அதிகாரம் கல்வி, 41 கல்லாமை, 42 கேள்வி, 43 அறிவுடைமை. கல்விக்கும் அறிவுக்கும் இடையில் கேள்வியைத் திருவள்ளுவர் வைத்த கரணியம் என்னை? எழுத்தறியாதவனும் கேள்வியால் அறிவுடையன் ஆதல் கூடும். கற்றவனும் கேளாதொழியின் அறிவு நிரம்பான் என்பதே அது. செவிக்கே முதற்பந்தி, வயிற்றுக்கு அடுத்த பந்தி என்பது அவ்வதிகாரம் காட்டும் முறை. இற்றைத் தமிழர் திருமணங்களிலோ இம்முறை தலைகீழாகிவிட்டது. வயிற்றுக்கு இருபது வகை. செவிக்கு ஒன்றும் இல்லை.

மணப்பந்தலில் நிகழ்வது

விடியற்பொழுது. மணமக்கள் தீயின்முன் அமர்ந்திருக்கின்றனர். சடங்காசான் ஓதுகின்றார். ஓதப்படுவது இன்னதென்று மணமகன் அறியான், மணமகள் அறியாள், ஈன்றோர் அறியார், வந்திருப்போரும் அறியார். நிழற்படம் எடுப்போர் நால்வர் மணமேடையை மறைத்து நிற்க, அவர்தம் முதுகையே அவையோர் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். கொட்டுமுழக்கு ஓங்கியவுடன் கையிலுள்ள அரிசியை முன்வரிசையார் தலைமீது எறிந்துவிட்டு, உணவுக்கூடத்தை நோக்கி எழுகின்றனர். மொய் எழுதப்படுகின்றது. தாம்பூலப் பை கைக்கு வருகின்றது. இரண்டு மணி நேரத்தில் மண்டபம் வெறிதாகின்றது.

அம்மணமகன் பொறியியல் பட்டம் பெற்றவனாக இருப்பான். மணமகள் மருத்துவம் கற்றவளாக இருப்பாள். பதினைந்து இருபது ஆண்டுகள் கல்விக்கூடங்களில், இது என்ன, இஃது ஏன் என்று வினவியே வளர்ந்த இருவர், தம் வாழ்நாள் முழுமைக்கும் தம்மைப் பிணைக்கும் உறுதிமொழியை, அஃது இன்ன உறுதியென்றே அறியாமல் திருப்பிச் சொல்கின்றனர். ஒரு காணி நிலம் வாங்குங்கால் ஆவணத்தின் ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்பவன், தன் வாழ்க்கையையே எழுதிக் கொடுக்குங்கால் படித்துக் காட்டுக என்று கேட்பதில்லை. நிலத்திற்கு உள்ள மதிப்பும் வாழ்க்கைக்கு இல்லையா? பொருளறியாச் சொல்லைத் திருப்பிச் சொல்வது கல்லாதவர்க்கு இயலாமை; கற்றவர்க்கோ அஃது இழுக்கு.

கரணம் எதற்கு ஏற்பட்டது?

கரணம் என்பது வெறும் அணிவேடிக்கையாக ஏற்பட்டதன்று. பொய்யும் பிழையும் மக்களிடையே தலைகாட்டிய பின்னரே மேலோர் மணத்திற்குக் கரணத்தை வகுத்தனர் என்று தொல்காப்பியக் கற்பியல் கூறுகின்றது. ஒருத்தியைக் கூடியவன் பின்னர் அவளை அறியேன் என்று சொல்வது பொய். ஏற்றுக்கொண்டவளைக் கைவிடுவது வழு. இவ்விரண்டையும் தடுப்பதற்கு வேண்டுவது சான்று. கொடுப்போரும் கொள்வோரும் ஊராரும் கூடியிருந்து, கண்டோம், கேட்டோம் என்று பின்னாளில் சொல்லத் தக்கவாறு நிகழ்வதே கரணம்.

ஆகலின் திருமணத்திற்குச் செல்பவர் விருந்தினர் மட்டும் அல்லர், சான்றினரும் ஆவர். சான்றினர்க்கு வேண்டும் முதல் தகுதி, நிகழ்ந்ததை அறிந்திருத்தல். ஒருவருக்கும் விளங்காத மொழியில் கொடுக்கப்பட்ட உறுதிமொழிக்கு ஆயிரவர் வந்திருந்தும் சான்றினர் ஒருவரும் இல்லை. வந்தவர் கண்டது புகை, கேட்டது ஒலி, உண்டது சோறு. வேறொன்றும் இல்லை.

பண்டைத் தமிழ் மணம் இத்தகையதன்று. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் ஒரு மணத்தைக் காட்டுகின்றார். பந்தலில் புதுமணல் பரப்பி, விளக்கேற்றி, மாலை தொங்கவிட்டு, உழுந்து சேர்த்த களியை வந்தோர்க்கு இடுகின்றனர். விடியலில் முதிய மகளிர் நீர்க்குடங்களும் அகன்ற கலங்களும் சுமந்துவந்து முறைமுறையாக எடுத்துக் கொடுக்க, மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் கூடி, பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை நீராட்டி, கற்பில் வழுவாது கணவன் விரும்பும் துணையாக வாழ்க என்று வாழ்த்துகின்றனர். அதே நூலின் 136ஆம் பாட்டு, விருந்தினரை ஊனும் நெய்யும் கலந்த சோற்றால் ஓம்பியதையும், மணமகளுக்கு வெண்ணூல் சூட்டியதையும் கூறுகின்றது. இவ்விரண்டு பாட்டிலும் தீவலம் இல்லை, சடங்காசான் இல்லை, விளங்காத மொழி இல்லை. பின்னெழுந்த சிலப்பதிகாரத்திலோ, பார்ப்பான் ஒருவன் முறைகாட்ட மணமக்கள் தீயை வலம்வருவது வந்துவிட்டது. மாற்றம் எங்கே நுழைந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

அப்பழைய மணத்தில் வேடிக்கை பார்ப்போர் என ஒரு கூட்டமே இல்லை என்பதையும் நோக்குக. குடம் சுமந்தவள் ஒருத்தி, கலம் ஏந்தியவள் ஒருத்தி, நீராட்டியவர் நால்வர், மணல் பரப்பியவர் சிலர். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. ஒவ்வொருவர் வாயிலும் விளங்கும் சொல். அருகிலிருந்த சிறுமி அடுத்த மணத்தில் தான் செய்ய வேண்டியதை அன்றே கற்றுக்கொண்டாள். அதற்கெனத் தனிப்பள்ளி வேண்டியிருக்கவில்லை, அப்பந்தலே பள்ளி.

இன்னும் அழியாத எச்சங்கள்

அவ்வழக்கம் முற்றும் அழிந்துவிடவில்லை. கொங்குநாட்டு வேளாளர் மணங்களில், இல்லறத்தில் நின்ற மூத்தவராகிய அருமைக்காரரே மணத்தை நடத்திவைப்பார். முடிதிருத்தும் தொழிலுடைய குடிமகன் மங்கல வாழ்த்துப் பாடுவார். கம்பர் செய்தது என்று வழிவழியாகச் சொல்லப்படும் அவ்வாழ்த்து, மணநிகழ்ச்சிகளை வரிசையாகத் தமிழில் எடுத்துரைப்பது. அதைப் பாடியவர்க்குப் பெரும்பாலும் பள்ளிக்கூடம் எட்டாததாயிருந்தது. எழுத்தை எட்டவிடாத குமுகாயம் அவர் நாவிலிருந்த தமிழைக் கேட்டுத்தான் தன் மணங்களை நடத்திற்று. கேள்வியால் கற்ற அக்கல்வி தலைமுறை தலைமுறையாக நின்றது. செட்டிநாட்டு நகரத்தார் மணங்களில் இருவீட்டாரும் உடன்பட்டு எழுதிக்கொள்ளும் இசைகுடிமானமும் அத்தகையதே. இன்னார் மகனுக்கு இன்னார் மகள் என்று தமிழில் எழுதி வைக்கும் அவ்வாவணத்தை எவரும் படித்தறியலாம்.

இவற்றைப் பழைமை என்று தள்ளியவரே, அவற்றினும் விளங்காத ஒன்றை மேன்மை என்று ஏற்றுக்கொண்டனர். தாத்தன் விளங்கிச் செய்ததைப் பேரன் விளங்காமல் செய்கின்றான். இதற்கு நாகரிகம் என்று பெயர்!

சட்டமும் கேட்டது மொழியை

1928ஆம் ஆண்டில் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்த மணத்திலிருந்து தன்மதிப்புத் திருமணங்கள் நாடெங்கும் பரவின. ஆயின் 1953ஆம் ஆண்டில் சென்னை உயர்நயன்மன்றம் அத்தகைய மணம் செல்லாது என்று தீர்த்தது. அண்ணாவின் ஆட்சியில் 1967ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1968இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தமே அம்மணங்களுக்கு, முன்னர் நடந்தவற்றுக்கும் சேர்த்து, செல்லுபடி தந்தது.

அத்திருத்தம் கேட்டது என்ன? உறவினர் நண்பர் முதலியோர் முன்னிலையில், மணமக்கள் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகத் தமக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும். அல்லது மாலை மாற்றவோ விரலில் கணையாழி அணிவிக்கவோ வேண்டும். அல்லது தாலி கட்ட வேண்டும். இவ்வளவே. தமக்கு விளங்கும் மொழி என்னும் அந்தச் சொற்றொடரைத் தமிழர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டம் எழுதியவர்க்குத் தோன்றிய இவ்வெளிய உண்மை, இத்தனை ஆண்டுகள் சென்ற பின்னும் பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்களுக்குத் தோன்றவில்லை.

2023ஆம் ஆண்டில் உச்ச நயன்மன்றம், இவ்வகை மணத்திற்குப் பலர் கூடிய பொது அறிவிப்பு வேண்டுவதில்லை என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் மணங்கள் பதிவு செய்யப்பட்டே ஆகவேண்டும். எனவே சான்றுக்குப் பதிவேடு வந்துவிட்டது. கூட்டம் எதற்கு என்று ஒருவர் வினவலாம். அவ்வினா நல்வினாவே. பதிவேடு மணத்தை மெய்ப்பிக்கும், மணமக்களை அணைத்துக்கொள்ளாது. நோயுற்ற இரவில் கதவைத் தட்டப் பதிவேட்டுக்குக் கை இல்லை. சட்டத்திற்குக் கூட்டம் வேண்டா, வாழ்க்கைக்கு வேண்டும்.

உறவுச் சொல் உலர்கின்றது

நிகழ்ச்சிகளுக்குச் செல்லாத குழந்தை இழப்பவற்றுள் முதலாவது உறவுச்சொல். மாமன், அத்தை, பெரியப்பன், சிற்றப்பன், கொழுந்தன், நாத்தூண், ஓரகத்தி என்னும் சொற்கள் வெறும் பெயர்கள் அல்ல. தாய்வழியா தந்தைவழியா, மூத்தவரா இளையவரா, பிறந்த உறவா புகுந்த உறவா என்பவற்றை ஒரே சொல்லில் அவை உணர்த்துகின்றன. உரிமையும் கடமையும் அச்சொற்களுக்குள்ளேயே இருக்கின்றன. காதணி விழாவில் குழந்தையை மடியில் இருத்திக்கொள்பவன் மாமன். அம்மடியில் அமர்ந்த குழந்தைக்கு மாமன் என்னும் சொல்லுக்குப் பொருள் விளக்க வேண்டியதில்லை. அம்மடியைக் காணாத குழந்தைக்கோ அவனும் 'அங்கிள்'. தெருவில் பால் கொண்டுவருபவரும் 'அங்கிள்'. அத்தையும் சிற்றன்னையும் அடுத்த வீட்டாரும் ஒருங்கே 'ஆன்ட்டி'.

இச்சொற்களைப் பள்ளிப் பாடத்தில் சேர்த்துக் கற்பித்துவிடலாம் என்று கருதுவார் உளர். 2006ஆம் ஆண்டில் தமிழ் கற்றல் சட்டம் இயற்றப்பட வேண்டிய நிலை, தமிழ்நாட்டிலேயே, தமிழுக்கு இருந்தது. சட்டத்தால் எழுத்து வரலாம், உறவு வாராது. ஓரகத்தி என்னும் சொல்லைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்த மாணவி, அதை எவரையும் நோக்கி ஒருநாளும் சொல்லாளாயின் அச்சொல் அகரமுதலியில் அடக்கமாகிவிட்டது என்க.

இழவு வீட்டிலும் இதே நிலை. நன்னிகழ்ச்சிக்கு அழைத்தால் செல்க, துயர நிகழ்ச்சிக்கு அழையாமலே செல்க என்பது ஊர் வழக்கு. பள்ளிப் படியேறாத மூதாட்டியர், இறந்தவரின் வாழ்க்கையை அங்கேயே பாட்டாகக் கட்டி ஒப்பாரி வைத்தனர். அவர் பட்ட பாடும், கட்டிய வீடும், வளர்த்த மக்களும் அப்பாட்டில் வந்தன. சிறுவர் கேட்டுக்கொண்டிருந்தனர், தம் குடும்ப வரலாற்றை அங்கேதான் கற்றனர். இன்றோ செல்பேசியில் மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டிவிட்டால் துயரம் தீர்ந்தது. இறந்தவர்க்கு ஒரு சொல் சொல்லத் தமிழில் சொல் இல்லையா, அன்றிச் சொல்வதற்கு உள்ளம்தான் இல்லையா?

செல்வதா, செல்லாதிருப்பதா?

தனித்தமிழ்ப் பற்றுடையார் பலரை வருத்தும் வினா ஒன்று உண்டு. உடன்பிறந்தார் மகளுக்கு வடமொழிச் சடங்கோடு திருமணம். அதற்குச் செல்வதா? சென்றால் கொள்கைக்கு இழுக்கு. செல்லாவிடின் உறவுக்கு முறிவு. சிலர் செல்லாமல் இருந்துவிடுகின்றனர்; இருந்து, கொள்கையைக் காத்ததாக அமைகின்றனர்.

அவ்வமைதி பிழையானது. தான் நடத்தும் நிகழ்ச்சியில் ஒரு சொல்லும் விட்டுக்கொடாமை கொள்கை. அதில் தளர்ச்சிக்கு இடமே இல்லை. பிறர் நிகழ்ச்சிக்குச் செல்லாமை கொள்கையாகாது. அது வெறும் இன்மை. வராதவரைப் பற்றி மணவீட்டார் நினைப்பது, கோபக்காரர் என்பதாகவே இருக்கும். அவர் தமிழுக்காக வரவில்லை என்று எண்ணி ஒருவரும் தமிழ் கற்றதில்லை. சென்றவரோ, முன்னாளே சென்று பந்தற்கால் நடுவதில் கைகொடுத்து, முன்வரிசையில் அமர்ந்து கேட்டு, தம் முறை வரும்போது நான்கு சொல்லில் நல்ல தமிழில் வாழ்த்தினாராயின், அந்நான்கு சொல்லே அவையில் எல்லார்க்கும் விளங்கிய சொல்லாக இருக்கும். அவ்வேறுபாட்டை அவையே உணரும்.

ஆயின் மணநாளன்று மேடையேறிச் சடங்கைப் பழித்தல் வேண்டா. பெண்ணைப் பெற்றவனை ஊரார் முன் நாணச் செய்து எவரும் தமிழை வளர்த்ததில்லை. பேச வேண்டிய நாள் அதுவன்று. மூன்று திங்கள் முன்னர், அழைப்பிதழ் எழுதப்படும் நாளே அது. அந்நாளில் அவ்வீட்டில் அமர்ந்து பேசும் உரிமை, முன்னர் அவ்வீட்டு இன்பதுன்பங்களுக்குச் சென்றவர்க்கே உண்டு.

தன் குற்றமும் காண்க

தமிழ்த் திருமணம் நடத்துவோரும் தம் குறைகளைக் காண வேண்டும். விவாகம் திருமணமாயிற்று, கிரகப்பிரவேசம் புதுமனை புகுவிழாவாயிற்று, கும்பாபிசேகம் குடமுழுக்காயிற்று. இவை இயக்கத்தின் வெற்றிகளே. ஆயின் தாள் மாறிய அளவுக்குப் பந்தல் மாறவில்லை. தமிழ்த் திருமணம் எனப்படுவது பல இடங்களில் சொற்பொழிவுப் போட்டியாக நிற்கின்றது. வாழ்த்துவோர் பதின்மர், ஒவ்வொருவரும் கால் மணிநேரம். மணமக்கள் மாலைச் சுமையோடு வியர்த்து நிற்க, தலைவர் தம் அரசியற் பகையைப் பாடுகின்றார். பின்வரிசை எழுந்து உணவுக்கூடம் செல்கின்றது. திருக்குறளை ஒருவர் பொருள் சொல்லாமல் விரைந்து ஓதி முடிப்பாராயின், கேட்போர்க்கு அதுவும் விளங்காத மந்திரமே. மொழி மாறினும் செவி பட்டினிதான்.

இன்னொரு குறை இதனினும் பெரிது. கணவனை இழந்தும் கூலிவேலை செய்து மகளைப் படிக்கவைத்த தாய், அம்மகளின் மணத்தில் தூணுக்குப் பின்னால் நிற்கின்றாள். தமிழ்த் திருமணம் என்று அழைப்பிதழில் அச்சிட்ட வீட்டிலும் இக்கொடுமை உண்டு. அத்தாயின் கையால் மாலை எடுத்துக் கொடுக்கப்படாத மணத்தில் எத்துணைத் தூய தமிழ் ஒலிப்பினும் அது தமிழ் மணம் ஆகாது. சொல்லில் கலப்பை நீக்குவோர் செயலில் இழிவை நீக்காதிருத்தல் எவ்வாறு பொருந்தும்?

செய்ய வேண்டுவன

ஊர்தோறும் ஆடவர் இருவரும் பெண்டிர் இருவருமாக நால்வரேனும் தமிழ்க் கரணங்களை நடத்திவைக்கக் கற்க வேண்டும். பாவாணரின் தமிழர் திருமணம் போன்ற நூல்கள் இருக்கின்றன. மணத்திற்கு இல்வாழ்க்கை, வாழ்க்கைத் துணைநலம், அன்புடைமை, விருந்தோம்பல் அதிகாரங்களும், இழவுக்கு நிலையாமை அதிகாரமும், பொருள் சொல்லும் அளவுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். மணக்கரணம் ஒருமணி நேரத்துக்குள் முடிதல் நன்று. மணமக்கள் தம் உறுதிமொழியைத் தாமே எழுதித் தாமே படிக்கட்டும். பின்வரிசைக்கும் கேட்குமாறு படிக்கட்டும். வாழ்த்துவோர் மூவர் போதும். நீராட்டுவது, மாலை எடுத்துக் கொடுப்பது, விளக்கேற்றுவது என ஒவ்வொன்றையும் ஒவ்வோர் உறவினர்க்கு ஒதுக்கி, அவ்வுறவைச் சொல்லி அழைக்க வேண்டும். குழந்தைகளுக்கும் வேலை கொடுக்க வேண்டும். மணம் முடிந்தவுடன் பதிவு செய்ய வேண்டும்.

செல்பவர்க்கும் கடமை உண்டு. உணவு வேளைக்கு வாராமல் கரண வேளைக்கு வருதல். குழந்தையை உடன் அழைத்து வருதல். ஒவ்வோர் உறவினரையும் முறைச்சொல்லால் காட்டிக் கொடுத்தல். மொய்ப் பணத்தோடு ஒரு நல்ல தமிழ் நூலையும் தருதல். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டா, அரசாணை வேண்டா, மாநாடு வேண்டா.

பட்டம் பெற்ற தமிழன் தன் பட்டத்தை எங்கெங்கோ காட்டுகின்றான். தான் மணக்கும் நாளில் தான் சொல்வது இன்னதென்று அறிந்து சொல்வானாயின், தான் கற்றவன் என்பதற்கு அதுவே முதற் சான்று. அவன் சொல்வதைக் கேட்டு, விளங்கி, வாழ்த்தும் ஊர் அமையுமாயின், எழுத்தறியாத மூதாட்டியும் அந்நாளில் கற்றவளே. கல்வி பந்தலுக்குள் நுழைக! கரணம் செவிக்குள் நுழைக! தமிழன் தன் வாழ்க்கையைத் தன் மொழியில் தொடங்குக. தன் மொழியிலேயே நிறைவு செய்க!